மகளின் பேறுகாலத்துக்காகக் குளிர்காலத்தில் இங்கிலாந்து போகிறோம். வீட்டுக் குளிரையும் ஹீட்டர் செலவையும் எப்படிச் சமாளிப்பது?

நானும் உங்கள் பக்கத்து ஊர்தான், தேவகோட்டை. 2022 நவம்பர் கடைசியில் மகளின் தலைப்பிரசவத்துக்காக லெஸ்டருக்குப் போய், குளிர்காலம் முழுக்க இருந்துவிட்டு ஏப்ரலில் திரும்பினேன். கேஸ் விலையும் கரண்டு விலையும் அந்த நாட்டையே ஆட்டிவைத்த வருஷம் அது. நீங்கள் காரைக்குடியிலிருந்து நவம்பரில் கிளம்புவதாகவும், உங்கள் வீட்டுக்காரருக்கு மூட்டுவலி இருப்பதாகவும், "ஹீட்டர் போட்டா பில் கட்டி மாளாது" என்று மகள் போனில் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இதையேதான் என் மகளும் சொன்னாள்.

நான் போய் இறங்கிய மறுநாள் மத்தியானம் மாடி அறைக்குள் நுழைந்தால், மேல்கோட்டும் கம்பளித் தொப்பியுமாகக் கட்டிலில் உட்கார்ந்து ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறாள். நிறைமாதத்தை நெருங்கிய வயிறு. விரல் நுனியெல்லாம் வெளுத்துப்போயிருக்கிறது. சுவரில் இருந்த, வீட்டுச் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் பெட்டி 14 டிகிரி காட்டியது. "பழகிருச்சு ஆத்தா, ராத்திரி மட்டும் சின்ன ஹீட்டரைப் போட்டுக்குவோம்" என்றாள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. எதையும் வீணாக்காதே என்று சொல்லிச் சொல்லி வளர்த்தது நான்தான். அந்தச் சிக்கனத்தை அவள் தன் உடம்பின் மேலேயே காட்டிக்கொண்டிருந்தாள்.

அதனால் நான் சொல்லும் முதல் விஷயம், கணக்குப் பாருங்கள். எங்கள் ஐயா பர்மாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது வியாபாரம் பண்ணப் போனவர். பேரேட்டில் ஏறாத காசு நம் காசு இல்லை என்பார். நான் ஒரு நோட்டு வாங்கி, மாடிப்படிக்குக் கீழே இருந்த மீட்டரைத் தினமும் காலை 8 மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்து எழுத ஆரம்பித்தேன். ஒரு வாரத்தில் புரிந்துவிட்டது, பிள்ளைகள் மிச்சம் பிடிப்பதாக நினைத்து, கிடைத்த சூட்டுக்குக் கூடுதல் விலைதான் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது அரசாங்கம் கட்டுப்படுத்தி வைத்திருந்த விலை, சராசரியாகக் கரண்டு யூனிட்டுக்கு 34 பென்ஸ், கேஸ் யூனிட்டுக்கு 10.3 பென்ஸ். கேஸில் தண்ணீரைச் சுடவைத்து வீடு முழுக்கச் சூடேற்றுவது பாய்லர். கேஸ் பில் பயத்தில் அதை அணைத்துவிட்டு, பிளக்கில் மாட்டும் 2 கிலோவாட் ஹீட்டரை ராத்திரி முழுக்க ஓடவிட்டிருக்கிறார்கள். மணிக்கு 2 யூனிட். 8 மணி நேரத்துக்கு 16 யூனிட், 5 பவுண்டு 44 பென்ஸ். பவுண்டு அப்போது ஏறக்குறைய 100 ரூபாய். ஒரே அறைக்கு, ஒரே ராத்திரிக்கு 540 ரூபாய்க்கு மேல்! நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதை நினைத்துக்கொண்டேன். பாய்லரில் கொஞ்சம் வெப்பம் புகையோடு போனாலும், அதே அளவு சூட்டைக் கேஸில் வாங்கினால் மூன்றில் ஒரு பங்கு விலைதான். சின்ன அறையில் அரை மணி உட்கார வேண்டுமானால் பிளக் ஹீட்டர் சரி. வீட்டை மணிக்கணக்கில் சூடாக வைக்க என்றால் கேஸ் பாய்லர்தான் கட்டுப்படியாகும். இந்த ஒன்று தெரியாமல் நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் அங்கே நடுங்கிக்கொண்டே பணத்தையும் விட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொன்று, கேஸ் மீட்டரில் ஓடுவது யூனிட் இல்லை, கன மீட்டர். அதை 11-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய யூனிட் வரும். கரண்டு, கேஸ் இரண்டுக்கும் தொடாமலே விழும் தினக் கட்டணம் வேறு உண்டு, அப்போது சேர்த்து நாளுக்கு முக்கால் பவுண்டு வாக்கில் இருந்தது. ஒரு தவறான எண்ணத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்த வருஷம் 'வருஷத்துக்கு 2500 பவுண்டு உச்சவரம்பு' என்று செய்தியில் சொன்னதைக் கேட்டு, எவ்வளவு எரித்தாலும் அதற்கு மேல் வராது என்று நம்பியவர்கள் உண்டு. சராசரிக் குடும்பம் ஒன்றின் செலவு அது. வரம்பு யூனிட் விலைக்கும் தினக் கட்டணத்துக்கும்தான், மொத்த பில்லுக்கு இல்லை. இப்போது ஆஃப்ஜெம் என்ற ஒழுங்குமுறை அமைப்பு மூன்று மாதத்துக்கு ஒருமுறை விலை வரம்பை மாற்றுகிறது. ஆகவே என் காலத்து விலையை வைத்துக்கொண்டு கணக்குப் போடாதீர்கள், மகளின் கடைசி பில்லை வாங்கிப் பாருங்கள்.

பாய்லரை மறுபடி போட்டதும் மாப்பிள்ளை ஒரு காரியம் செய்தார். அறைச் சுவரில் வெந்நீர் ஓடிச் சூடு கொடுக்கும் இரும்புப் பலகைதான் ரேடியேட்டர். அதற்குப் போகும் தண்ணீரின் சூட்டைப் பாய்லரில் 60 டிகிரிக்கு இறக்கினார். ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தேன், முன்போல் கை சுடவில்லை. கெட்டுவிட்டதோ என்று பயந்தேன். "இல்ல அயித்தை, தண்ணி சூடு குறைஞ்சு திரும்பி வந்தாத்தான் புகையோட போற நீராவி தண்ணியாகி, அந்தச் சூடும் நமக்குக் கிடைக்கும்" என்று விளக்கினார். அங்கே இப்போது இருக்கிற பாய்லர் எல்லாமே பெரும்பாலும் அந்த வகைதான். அறை சூடாகக் கொஞ்சம் நேரம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான். ஆனால் வெந்நீரைத் தனித் தொட்டியில் சேர்த்து வைக்கும் வீடாக இருந்தால், தெரிந்தவரைக் கேட்காமல் கைவைக்க வேண்டாம். தொட்டித் தண்ணீர் போதிய சூடு இல்லாவிட்டால் கிருமி வளரும்.

இனி வீட்டைச் சொல்கிறேன். நம் செட்டிநாட்டு வீடுகள் சூட்டை வெளியே தள்ளுவதற்கென்றே கட்டியவை. முகப்பில் நுழைந்த காற்று வளவைத் தாண்டிப் பின்கட்டு வழியாகப் போகும், நடுவில் முற்றம் திறந்து கிடக்கும், காலுக்கடியில் ஆத்தங்குடிக் கல் சில்லென்று இருக்கும். அங்கே கட்டியிருப்பது சூட்டைப் பிடித்து வைக்க. என் மகள் இருந்தது நூறு வருஷத்துக்கு மேலான வரிசை வீடு, நடுவில் இடைவெளி இல்லாத ஒற்றைச் செங்கல் சுவர். அந்த வகைச் சுவர் சூட்டை நிறுத்தாது. வாடகை வீட்டில் சுவரை நாம் ஒன்றும் செய்ய முடியாது, சந்துகளை அடைக்கலாம்.

ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திக்கொண்டு கதவு, ஜன்னல் ஓரமாக மெதுவாக நடந்தேன். புகை நேராக எழும்பும் இடத்தில் கவலை இல்லை. சாய்ந்து ஆடினால் அங்கே காற்று நுழைகிறது. தபால் போடும் துவாரத்தின் பக்கத்தில் கொண்டுபோனதும் புகை படுத்தேவிட்டது. வாசல் கதவின் அடியிலும் அப்படித்தான். நான் கொண்டுபோயிருந்த பழைய கண்டாங்கிச் சேலை ஒன்றைக் கிழித்து நீளமான பைபோலத் தைத்து, உள்ளே பழைய துணியைத் திணித்துக் கதவடியில் போட்டேன். தபால் துவாரத்துக்குப் பிரஷ் வைத்த மூடி கடையில் கிடைக்கிறது, மாப்பிள்ளை வாங்கி மாட்டினார். சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும், உடனே கனத்த திரையை இழுத்துவிடுவோம். திரை ரேடியேட்டரை மூடித் தொங்கக் கூடாது, சூடெல்லாம் ஜன்னலுக்குத்தான் போகும். ஆள் இல்லாத அறையின் ரேடியேட்டரைக் குறைத்து வைத்து, அந்தக் கதவைச் சாத்தினோம். டிசம்பர் நடுவில் ஊரே உறைந்து கிடந்தபோது நாளுக்கு 7 கன மீட்டர் கேஸ், ஏறக்குறைய 8 பவுண்டு. ஜனவரியில் 5 கன மீட்டருக்கு வந்தது. குளிர் சற்றுத் தணிந்ததும் ஒரு காரணம், ஆனால் வீடு முன்னைவிட வெதுவெதுப்பாக இருந்தது.

பேரன் அந்த உறைபனி வாரத்தில்தான் பிறந்தான். இங்கேதான் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும், ஏனென்றால் நம் வழக்கம் முழுக்க எதிர்ப்பக்கம். தலையில் குல்லா, காதில் துணி, மேலே இரண்டு போர்வை என்று நான் சுற்றி வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்த மிட்வைஃப் அம்மா, அதாவது பேறுகால நர்ஸ், குழந்தையின் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, முதல் வேலையாகக் குல்லாவைக் கழற்றினார். பச்சைப் பிள்ளை அதிகச் சூட்டைத் தலை வழியாகத்தான் விடும், தூக்கத்தில் சூடு ஏறுவது குளிரைவிட ஆபத்து, அறை 16-லிருந்து 20 டிகிரிக்குள் இருந்தால் போதும், வெந்நீர்ப் பையும் கரண்டுப் போர்வையும் குழந்தைக்குக் கூடவே கூடாது என்றார். கை கால் சில்லென்றிருப்பதைப் பார்த்துப் பதறாமல், நெஞ்சையோ பின்கழுத்தையோ தொட்டுப் பாருங்கள் என்றும் சொன்னார். எனக்கு அன்று ராத்திரி முழுக்க மனசு ஒப்பவில்லை, மூன்று முறை எழுந்து தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பாகத்தான் தூங்கினான்.

சாம்பிராணி பற்றியும் சொல்லியாக வேண்டும். குளிப்பாட்டியதும் புகை காட்ட வேண்டுமென்று அடுப்பில் கரியைப் பழுக்க வைத்து அறைக்குள் கொண்டுவந்தேன். சற்று நேரத்தில் சுவரில் இருந்த கார்பன் மோனாக்சைடு அலாரம் கத்தியது. மாப்பிள்ளை ஓடிவந்து தூபக்காலைக் கொல்லைப்பக்கம் கொண்டுபோய் வைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டார். நம் வீட்டு வளவில் அந்தப் புகை முற்றத்து வழியாகப் போய்விடும். சந்தெல்லாம் அடைத்த வீட்டுக்குள் கரி உயிரைக் குடிக்கும், வாசனையே தெரியாது. கரி வேண்டவே வேண்டாம். அலாரம் வேலை செய்கிறதா என்று போன அன்றே பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

சந்தை அடைத்தால் அடுத்து வருவது ஈரம். காலையில் ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழியும், குழந்தைத் துணி வீட்டுக்குள்ளேயே காயும், சாம்பார் கொதிக்கும் ஆவி வேறு. அலமாரிக்குப் பின்னால் கறுப்பாகப் பூசணம் பிடித்திருந்ததை நான்தான் கண்டுபிடித்தேன். வீட்டு ஏஜெண்டிடம் சொன்னால், ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்று பதில் வந்தது, ஆள் வர ஆறு வாரம் ஆனது. அங்கே ரோச்டேல் என்ற ஊரில் பூசணம் பிடித்த வீட்டில் இருந்த அவாப் என்ற இரண்டு வயதுப் பிள்ளை 2020-ல் இறந்துபோனான். பூசணப் புகாரை வீட்டுக்காரர்கள் காலத்தோடு சரிசெய்ய வேண்டும் என்று அவன் பெயரிலேயே பிறகு சட்டம் வந்தது, முதலில் குறைந்த வாடகைக்கு விடும் சமூக வாடகை வீடுகளுக்கு. ஆகவே பூசணத்தை லேசாக எடுக்காதீர்கள். படம் எடுத்து, தேதி போட்டு, எழுத்தில் புகார் கொடுக்கச் சொல்லுங்கள். தினமும் காலையில் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பத்து நிமிஷம் எதிரெதிர் ஜன்னலைத் திறந்து மூடுங்கள், சமைக்கும்போது பாத்திரத்தை மூடுங்கள்.

கர்ப்பிணியோ ஐந்து வயதுக்குக் கீழ் பிள்ளையோ இருக்கும் வீடு, கூடுதல் உதவி தேவைப்படுவோருக்காகக் கேஸ் கம்பெனி வைத்திருக்கும் முன்னுரிமைப் பதிவேட்டில் பெயர் சேர்க்கலாம், செலவில்லை. பில் கட்ட முடியாமல் போனால் தவணை கேட்கவும் உரிமை உண்டு. மகள் கூச்சப்படலாம், நீங்கள் பக்கத்தில் இருந்து பேச வையுங்கள்.

உங்கள் வீட்டுக்காரருக்கு, அவர் உட்காரும் அறையை 18 டிகிரிக்குக் கீழே விடாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு அது. படுக்கைக்கு முன்னால் ஒரு மணி நேரம் கரண்டுப் போர்வை போட்டால் பெரியவர்களுக்கு மிகுந்த சுகம். 100 வாட் அளவில்தான் இழுக்கும், பத்து மணி நேரம் ஓடினால்தான் ஒரு யூனிட். உள்ளே மெல்லிய தெர்மல் உடுப்பை அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம், இங்கிருந்து நான்கு கம்பளி சுமக்க வேண்டாம். அந்த எடைக்குப் பேறுகால மருந்துப் பொடியும் இரண்டு பழைய நூல் சேலையும் வையுங்கள். தேங்காயெண்ணெய் அங்கே கட்டியாகத்தான் இருக்கும், கிண்ணத்தை வெந்நீரில் வைத்து உருக்கிக்கொள்ளுங்கள். இட்லி மாவை அடுப்பு ஓவனுக்குள் விளக்கை மட்டும் போட்டு வைத்தால் காலையில் பொங்கிவிடும்.

டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் மகளிடம் வீட்டின் எரிசக்திச் சான்றிதழில் என்ன எழுத்து இருக்கிறது என்று கேளுங்கள். முகவரியைப் போட்டால் இணையத்திலேயே தெரியும். ஏ நல்லது, ஜி மோசம். இ-க்குக் கீழே இருந்தால் பொதுவாக அந்த வீட்டை வாடகைக்கே விடக் கூடாது. அப்படியே இன்னொன்றும் கேளுங்கள், இப்போது அவள் அறையில் எத்தனை டிகிரி என்று. தயங்கினால் வீடியோவில் தெர்மோஸ்டாட்டைக் காட்டச் சொல்லுங்கள்.