சான்றிதழைக் காலாவதியாக விடாதீர்கள்

மைக்ரோசாஃப்டின் கிளவுட் சேவைக்கான அஸூர் அட்மினிஸ்ட்ரேட்டர் (ஏஇசட்-104) சான்றிதழ் 2 மாதத்தில் முடிகிறது. இடையில் கம்பெனி மாறிவிட்டேன். புதுப்பிக்கச் சொல்லி மெயில் எதுவும் வரவில்லை. மறுபடி பணம் கட்டித் தேர்வு எழுத வேண்டுமா?
- வாசகர், கோவை

வேண்டாம். இந்தச் சான்றிதழ் ஓராண்டுதான் செல்லும், ஆனால் புதுப்பிக்கக் கட்டணமே இல்லை. முடிவதற்கு 6 மாதம் முன்பே மைக்ரோசாஃப்ட் லேர்ன் தளத்தில் சிறு தேர்வு திறந்துவிடும். கண்காணிப்பாளர் கிடையாது, பாடங்களைப் பார்த்துக்கொண்டே எழுதலாம். தவறினால் உடனே இரண்டாம் முறை எழுதலாம், அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் 24 மணி நேரம் பொறுக்க வேண்டும். சீக்கிரம் முடித்தாலும் நாள் வீணாகாது. பழைய முடிவுத் தேதியிலிருந்துதான் அடுத்த ஆண்டு கணக்காகும்.

மெயில் வராததுதான் கவலைக்குரியது. சான்றிதழ் பழைய அலுவலகக் கணக்கில் மாட்டியிருக்க வாய்ப்பு அதிகம். அந்தக் கணக்கை மூடியிருந்தால் உங்களால் உள்ளே போகவே முடியாது. முதலில் சொந்தக் கணக்கில் லாகின் செய்து, புரொஃபைலில் சான்றிதழ் தெரிகிறதா பாருங்கள். தெரியாவிட்டால், தேர்வுக்குப் பதிவு செய்த பெயரை எழுத்து மாறாமல் குறிப்பிட்டு, சான்றிதழ் உதவிப் பிரிவுக்கு இந்த வாரமே எழுதுங்கள். தேதி தாண்டினால் நீட்டிப்பு கிடையாது, முழுத் தேர்வுதான். வேலையை விடாதவர்களும் லேர்ன் செட்டிங்ஸில் உள்ள கணக்கு மேலாண்மைப் பகுதியில் சொந்தக் கணக்கை இன்றே சேர்த்துவிடுங்கள்.

கணினிப் பாதுகாப்புக்கான காம்ப்டியா செக்யூரிட்டி பிளஸ் சான்றிதழைப் புதுப்பிக்க 50 சிஇயு (தொடர்கல்விப் புள்ளி) சேர்க்கச் சொல்கிறார்கள். ஆன்லைன் வகுப்புகளைக் காட்டினால் போதுமா?
- வாசகி, திருச்சி

போதும், 1 மணி நேரப் பயிற்சிக்கு 1 சிஇயு. ஆனால் பாடத்தில் பாதியாவது செக்யூரிட்டி பிளஸ் பாடத்திட்டத்தோடு பொருந்த வேண்டும். பொதுவான பைதான் வகுப்பைக் காட்டினால் தள்ளிவிடுவார்கள். முடித்ததற்கான சான்றில் உங்கள் பெயர், பாடத்தின் பெயர், தேதி, மணி நேரம் நான்கும் இருக்க வேண்டும். பல தளங்களின் சான்றில் மணி நேரம் இருக்காது. பணம் கட்டிச் சேருமுன் மாதிரிச் சான்றைக் கேட்டுப் பாருங்கள். சான்றிதழ் செல்லும் 3 ஆண்டுக்குள் முடித்த வகுப்புகள் மட்டுமே ஏற்கப்படும். புள்ளிகள் முழுதும் சேர்ந்தாலும் ஆண்டுக்கு 50 டாலர் கட்டணம் பாக்கியிருந்தால் புதுப்பித்தல் நிறைவேறாது.

சிஸ்கோவின் நெட்வொர்க் சான்றிதழான சிசிஎன்ஏவைப் புதுப்பிக்கத் தேர்வுதான் ஒரே வழியா?
- வாசகர், மதுரை

இல்லை. 3 ஆண்டுக்குள் 30 சிஇ (தொடர்கல்வி) புள்ளி சேர்த்தாலும் போதும். அடுத்த நிலைச் சான்றிதழான சிசிஎன்பி எழுதும் எண்ணம் இருந்தால் அதன் கோர் (மையப் பாட) தேர்வில் தேறிவிடுங்கள். சிசிஎன்ஏ தானாகவே புதுப்பிக்கப்படும்.