வேறு துறைக்கு மாறி 4 மாதம்தான் ஆகிறது. இந்த வேலையை விட்டுவிடலாமா?

12 வருட வேலையை விட்டு, தனியாகப் படித்து, புதுத் துறையில் சேர்ந்து 4 மாதம் ஆகிறது என்கிறீர்கள். சுற்றி எல்லாரும் வயதில் சின்னவர்கள், பேசுவதில் பாதி புரியவில்லை, காலையில் எழுந்தாலே வயிற்றைப் பிசைகிறது, பழைய இடத்தில் வேறு திரும்பக் கூப்பிடுகிறார்கள், போய்விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக என்னால் முடியவில்லை. இதே 4-வது மாதத்தில் ராஜினாமாக் கடிதத்தை எழுதி, அனுப்பாமல் வைத்திருந்தவள் நான்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு முடிவெடுக்காதீர்கள், 3 வாரம் கழித்து எடுங்கள். அந்த 3 வாரத்தில் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். அதற்குள் "கஷ்டத்தைப் பொறுத்துப் போகச் சொல்கிறாள்" என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். சம்பளத்தை இழுத்தடிக்கும் இடம், தகாத முறையில் நடந்துகொள்ளும் ஆட்கள், உடம்பைக் கெடுக்கும் வேலை என்றால் 3 நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. நான் பட்டதைத்தான் நீங்களும் படுகிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு பேசுகிறேன்.

நான் 13 வருடம் கணக்குப் பிரிவில் இருந்தேன். மாதக் கடைசியில் டிரையல் பேலன்ஸ், அதாவது பற்று மொத்தமும் வரவு மொத்தமும் சமமா என்று பார்க்கும் பட்டியல், டேலி ஆகவில்லை என்றால் எல்லாரும் என் மேசைக்குத்தான் வருவார்கள். வித்தியாசம் எவ்வளவு என்று மட்டும் கேட்பேன். அது 9-ஆல் மீதியில்லாமல் வகுபட்டால், யாரோ இலக்கத்தை இடம் மாற்றி எழுதியிருக்க வாய்ப்பு அதிகம், 54 என்பதை 45 என்று. இரட்டைப்படையாக இருந்தால் அதைப் பாதியாக்கி, அந்தத் தொகை எங்காவது பற்றுக்குப் பதில் வரவில் போய் உட்கார்ந்திருக்கிறதா என்று தேடச் சொல்வேன். பெரும்பாலும் கால் மணி நேரத்தில் கிடைத்துவிடும். இதை நான் யோசித்துச் செய்வதில்லை, கை தானாகப் போகும். 13 வருடத்தில் எனக்குச் சேர்ந்த சொத்து அதுதான்.

37 வயதில் அதை விட்டு மென்பொருள் சோதனைக்கு வந்தேன். எட்டு மாதம் இரவில் உட்கார்ந்து படித்தேன். முதல் மாதம் நன்றாகத்தான் போனது. புது அடையாள அட்டை, புது மடிக்கணினி, யாரும் எதுவும் கேட்கவில்லை. மூன்றாவது மாதத்திலிருந்து கேட்க ஆரம்பித்தார்கள். ஒரு மீட்டிங்கில் "ஏபிஐ என்றால் என்ன?" என்று கேட்டேன் (ஒரு மென்பொருள் இன்னொன்றோடு பேசும் வழி அது, அந்தத் துறையில் எல்லாருக்கும் தெரிந்த சொல்). யாரும் சிரிக்கவில்லை, ஆனால் மூன்று நான்கு நொடி யாரும் பேசவும் இல்லை. அந்த மௌனம் பல நாள் என்னை விடவில்லை. 13 வருடம் மற்றவர்களுக்குப் பதில் சொன்ன வாய் அது. தெரியாதவளாக உட்கார்ந்திருப்பது எப்படி என்பதே எனக்கு மறந்து போயிருந்தது.

தூக்கம் வராத இரவுகளில் இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். வெண்டி பாஸ்வெல் என்ற ஆய்வாளரும் உடன் இருவரும் 2005-ல் உயர் பொறுப்பில் இருந்தவர்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று கண்ணில் பட்டது. வேலை மாறியதும் மனநிறைவு சட்டென்று ஏறுகிறது, பிறகு இறங்குகிறது. இந்த ஏற்ற இறக்கத்துக்குத் தேனிலவு, ஹேங்கோவர் (போதை தெளிந்ததும் வரும் தலைவலி) என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதைப் படித்தபோது எனக்கு ஒரே ஒரு ஆறுதல்: இந்த இறக்கம் எனக்கு மட்டும் வந்த வியாதி கிடையாது. ஆனால் இறங்குகிறது என்று தெரிந்துவிட்டால் மட்டும் இருப்பதா போவதா என்பது தெரிந்துவிடுமா?

அதே சமயம் ஸ்டீவன் லெவிட் என்ற பொருளாதார நிபுணர் 2016-ல் வெளியிட்ட ஆய்வையும் படித்தேன். முடிவெடுக்க முடியாமல் தவிப்பவர்களை இணையத்தில் நாணயம் சுண்டிப் பார்க்கச் சொன்னார். 20,000-க்கும் மேற்பட்ட முறை சுண்டப்பட்டது. வேலையை விடுவது போன்ற பெரிய விஷயங்களில், 'மாறு' என்று நாணயம் சொல்லி மாறியவர்கள் 6 மாதம் கழித்து, மாறாதவர்களைவிடச் சந்தோஷமாக இருந்ததாகச் சொன்னார்கள். இதைக் காட்டி "பார்த்தீர்களா, விட்டுவிட வேண்டியதுதான்" என்று உங்களிடம் சொல்லப் பலர் வருவார்கள். எனக்கு அதில் ஒரு தடை இருக்கிறது. என்னைப் போல அப்போதுதான் ஒரு பெரிய மாற்றம் செய்துவிட்டு உட்கார்ந்திருப்பவருக்கு, பழைய வேலைக்குத் திரும்புவது மாற்றமா, இல்லை புது இடத்தில் இருப்பது மாற்றமா? நாணயத்தின் எந்தப் பக்கத்தில் எதை எழுதுவது?

இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. எட்டு மாதப் படிப்பு, கட்டிய கட்டணம், வீட்டில் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தது, இதெல்லாம் வீணா என்ற கேள்வி. கணக்குப் படித்தவர்களுக்கு இதற்குப் பெயர் தெரியும், மூழ்கிய செலவு. ஏற்கெனவே போனது, எந்த முடிவு எடுத்தாலும் திரும்பி வராது, ஆகவே இனி எடுக்கும் முடிவில் அதைச் சேர்க்கக் கூடாது. இதைப் பரீட்சையில் எழுதியிருக்கிறேன், சின்னவர்களுக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். என் விஷயம் என்று வந்தபோது, அந்த எட்டு மாதத்தைத் தனியே எடுத்து வைக்கவே பல வாரம் பிடித்தது.

பழைய மேலாளர் கூப்பிட்டது அந்த வாரத்தில்தான். "உங்கள் இடம் அப்படியேதான் இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் வாருங்கள்" என்றார். குரலைக் கேட்டதும் அழுகையே வந்துவிட்டது. அப்புறம் அங்கே இருக்கும் தோழியிடம் விசாரித்தேன். நான் வந்த பிறகு என் வேலைக்கு இரண்டு பேரை எடுத்திருக்கிறார்கள், சமாளிக்க முடியாமல்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள். இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லாதது, ஆனாலும் சொல்கிறேன். ஒரு உதவியாளர் வேண்டும் என்று 6 வருடம் கேட்டேன். ஒவ்வொரு வருட மதிப்பீட்டிலும் எழுதிக் கொடுத்தேன். "நீங்கள் ஒருவரே இரண்டு பேருக்குச் சமம்" என்று பாராட்டி அனுப்பினார்கள். அந்தப் பாராட்டை நம்பி ஞாயிற்றுக்கிழமைகளில் போய் உட்கார்ந்திருக்கிறேன். என் மகளின் பள்ளி ஆண்டு விழா இரண்டுக்குப் போகவில்லை. நான் வெளியே வந்த ஒரே மாதத்தில் இரண்டு பேருக்குச் சம்பளம் எங்கிருந்து வந்தது? ஒருத்தி இழுத்துப் போட்டுக்கொண்டு செய்கிறாள் என்றால் அவள் தலையிலேயே எல்லாவற்றையும் வைப்பது எத்தனை இடத்தில் நடக்கிறது! இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது. உங்களைத் திரும்பக் கூப்பிடுகிறவர்கள் உங்களுக்காகக் கூப்பிடுகிறார்களா, வேலை தேங்கிக் கிடப்பதால் கூப்பிடுகிறார்களா என்று ஒருமுறை விசாரித்துவிடுங்கள்.

சரி, அந்த 3 வார வேலைக்கு வருகிறேன். ஒரு நோட்டில் நெடுக்காக மூன்று பத்தி கோடு போட்டேன். அன்றைக்கு மனசு சுருங்கிய ஒவ்வொரு தருணத்தையும், வீட்டுக்கு வந்ததும் ஒரே வரியில் எழுத வேண்டும். எனக்குத் தெரியாததால் வந்த வலி என்றால் முதல் பத்தி. அங்கே இருக்கும் ஆட்களால் வந்தது இரண்டாவது. இந்த வேலையே இப்படித்தான், நன்றாகத் தெரிந்தவளாக இருந்தாலும் எனக்குப் பிடிக்காது என்பது மூன்றாவது. எழுதும்போது நியாயமாக இருக்க வேண்டும், கோபத்தில் எல்லாவற்றையும் ஆட்கள் பத்தியில் தள்ளக் கூடாது. சந்தேகமாக இருந்தால் மறுநாள் காலையில் எழுதினேன்.

15 வேலை நாளில் 41 வரி வந்தது. முதல் பத்தியில் 29, இரண்டாவதில் 9, மூன்றாவதில் 3. எனக்குக் கண் திறந்தது கூட்டுத்தொகையைப் பார்த்து இல்லை, வாரவாரியாகப் பிரித்தபோதுதான். தெரியாததால் வந்த வலி முதல் வாரம் 16, இரண்டாவது வாரம் 9, மூன்றாவது வாரம் 4. அது தானாகவே கரைந்துகொண்டிருந்தது. உள்ளே இருந்துகொண்டு அதை என்னால் பார்க்க முடியவில்லை, தாளில் தெரிந்தது. ஆட்கள் பத்தி 2, 3, 4 என்று ஏறிக்கொண்டிருந்தது. அதையும் குறித்துக்கொண்டேன்.

அந்த மூன்றாவது வாரத்தில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பில் போடும் பகுதியைச் சோதிக்கக் கொடுத்திருந்தார்கள். பில்லில் மொத்தத் தள்ளுபடியை, ஒவ்வொரு பொருளையும் எழுதியிருக்கும் வரிகளுக்குச் சமமாகப் பிரித்துக் காட்ட வேண்டும். மொத்தம் ஒத்துவரவில்லை என்று டிக்கெட் (பிழைப் புகார்) போட்டேன். ரீப்ரொட்யூஸ் ஆகவில்லை, அதாவது அந்தப் பிழை தங்களிடம் திரும்ப வரவில்லை என்று மூடிவிட்டார்கள். திரும்பத் திறந்தேன், திரும்ப மூடினார்கள். மூன்றாவது தடவை நேராக அந்தப் பகுதியை எழுதிய டெவலப்பரிடமே போனேன். "அக்கா, என் சிஸ்டத்தில் சரியாத்தானே வருது, பாருங்க" என்று போட்டுக் காட்டினார். 100 தள்ளுபடி, இரண்டு வரி, ஐம்பது ஐம்பது. நான்கு வரி, இருபத்தைந்து வீதம். சரியாகத்தான் வந்தது. "தம்பி, மூணு வரி போடுங்க" என்றேன்.

33.33, 33.33, 33.33. கூட்டினால் 99.99. "ஏழு போடுங்க." ஒவ்வொன்றும் 14.29, கூட்டினால் 100.03. அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "0.01தானே அக்கா" என்று முதலில் சொன்னவர், ஒரு மாதத்தில் ஓடும் ஆயிரக்கணக்கான பில்லை நினைத்துப் பார்த்ததும் பேசாமல் எழுத ஆரம்பித்தார். கடைசி வரியில் மீதியைச் சேர்த்துவிட வேண்டும், கையால் பில் எழுதிய காலத்திலிருந்தே கணக்கில் அப்படித்தான் செய்கிறோம் என்று சொல்லிக் கொடுத்தேன். பதிலுக்கு அவர் எனக்கு ஒன்று காட்டினார். 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டச் சொன்னால் அந்த நிரல்மொழி 0.30000000000000004 என்று காட்டியது. கணினி எண்களை இரண்டின் அடுக்குகளாக வைத்துக்கொள்கிறது, அதில் 0.1-ஐ அப்படியே துல்லியமாக எழுத முடியாது, அதனால் வால் நீள்கிறது என்றார். 13 வருடம் எண்களோடு வாழ்ந்த எனக்கு அது தெரியாது. அன்றைக்கு மதியம் சாப்பிடப் போக மறந்துவிட்டேன்.

இதில் என் தப்பும் இருந்தது. 'மொத்தம் ஒத்துவரவில்லை' என்று ஒரு வரிதான் டிக்கெட்டில் எழுதியிருந்தேன். எத்தனை வரி போட்டேன், என்ன எதிர்பார்த்தேன், என்ன வந்தது என்று எழுதவில்லை. அது சோதனை வேலையின் அரிச்சுவடி. அதைக் கற்றுக்கொள்ளாமல் அவர்கள் என்னை மதிக்கவில்லை என்று இரண்டாவது பத்தியில் எழுதி வைத்திருந்தேன். அந்த வரியை அடித்துவிட்டு முதல் பத்திக்கு மாற்றினேன்.

ராஜினாமாக் கடிதத்தை அனுப்பவில்லை. ஆனால் அந்த நிறுவனத்திலேயே இருந்துவிட்டேனா என்றால், அதுவும் இல்லை. ஆட்கள் பத்தி குறையவே இல்லை. அதில் முக்கால்வாசி ஒரே மனிதர், எங்கள் லீட், அதாவது குழுத் தலைவர். நான் எழுதிய அறிக்கையைத் தன் பெயரில் மேலிடத்துக்கு அனுப்பினார், எல்லார் முன்னாலும் "இந்த வயசில் எதுக்கு மேடம் இதெல்லாம்" என்றார். 14-வது மாதத்தில் வெளியே வந்தேன், அதுவும் அடுத்த வேலைக்கான கடிதம் கையில் கிடைத்த பிறகு. இப்போது கணக்கு மென்பொருள் செய்யும் இடத்தில் அதே சோதனை வேலை. இண்டர்வியூவில் அந்த மூன்று வரிக் கதையைத்தான் சொன்னேன்.

"உனக்கு வீட்டில் இன்னொரு சம்பளம் இருந்தது, நீ பேசலாம்" என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். என் வீட்டுக்காரர் சம்பாதித்ததால்தான் எட்டு மாதம் படிக்க முடிந்தது, 14 மாதம் யோசிக்க முடிந்தது. கையில் சேமிப்பில்லாமல் ஒற்றை ஆளாகக் குடும்பத்தைச் சுமப்பவரிடம் போய் நோட்டில் கோடு போடச் சொல்ல எனக்கு வாய் வராது. அவருக்குப் பழைய இடம் கூப்பிட்டால் போவதில் எந்த அவமானமும் கிடையாது. போய்விட்டு மறுபடி முயற்சி செய்யலாம். மூன்றாவது பத்தி, அதாவது வேலையே பிடிக்கவில்லை என்பது, வாரத்துக்கு வாரம் ஏறினாலும் அதையேதான் சொல்வேன். எனக்கு அதில் இருந்த மூன்றும் ஒரே விஷயம், மென்பொருளின் ஒவ்வொரு புது ரிலீஸுக்கும் பழைய சோதனைகளைத் திரும்பத் திரும்ப ஓட்டுவது. அது இன்றைக்கும் எனக்குப் பிடிக்காது. மாதக் கடைசிக் கணக்கு முடிப்பும் எனக்குப் பிடித்ததில்லை.

ஆகவே இன்றிரவே ஒரு நோட்டை எடுங்கள். பழைய மேலாளரிடம் ஒரு மாதம் கழித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிடுங்கள். நிஜமாகவே நீங்கள் வேண்டும் என்றால் அவர் காத்திருப்பார். 3 வாரம் முடிந்ததும் எந்தப் பத்தி ஏறுகிறது, எது இறங்குகிறது என்று எனக்கு எழுதுங்கள். ஆட்கள் பத்தி ஏறினால் வேறு இடம் தேட உங்கள் ரெஸ்யூமேயை நானே உட்கார்ந்து பார்த்துத் தருகிறேன்.