எம்340ஐ: 2021 மாடலா, புது முகமா?

வணக்கம் நண்பரே. பழைய 2021 பிஎம்டபிள்யூ எம்340ஐ கார் எடுப்பதா, 2022 டிசம்பரில் முகப்பும் உள்ளமைப்பும் மாறி வந்த அதே காரின் புது வடிவத்தை எடுப்பதா என்று கேட்டிருந்தீர்கள். பின்சீட்டில் அப்பா உட்காருவார் என்றும் சொல்லியிருந்தீர்கள்.

வெளித்தோற்றத்தில் புதியதுதான் எனக்குப் பிடித்தது. பழைய முகவிளக்கின் அடியில் இருந்த அந்த வெட்டு போய், முகம் தெளிவாகிவிட்டது. ஆனால் தினமும் பார்க்கப்போவது உள்ளேதான். அங்கே என் மனசு பழையதன் பக்கம். புதியதில் 12.3 அங்குலமும் 14.9 அங்குலமுமாக இரண்டு திரைகள் ஒரே வளைந்த கண்ணாடிக்குள் இருக்கின்றன. பார்க்க அழகு, மறுக்கவில்லை. ஆனால் ஏசி பட்டன்கள் திரைக்குள் போய்விட்டன. வெயிலில் ஓட்டும்போது குளிரைக் கூட்டிக் குறைக்கக் கண்ணைச் சாலையிலிருந்து எடுக்க வேண்டும். பழையதில் கை தானாகப் போகும். கியர் லீவரும் சின்ன சுவிட்சாகிவிட்டது. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் விரலால் கியர் மாற்றும் பேடில்கள் இருப்பதால் அது பெரிய குறையில்லை.

இஞ்சின் இரண்டிலும் அதே 3 லிட்டர், ஆறு சிலிண்டர். அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

அப்பாவுக்காக என்றால், இதே 3 சீரிஸ் காரின் நீளமான வடிவமான கிரான் லிமோசினையும் ஒருமுறை பாருங்கள். முன், பின் சக்கரங்களின் இடைவெளி எம்340ஐயைவிட 110 மி.மீ. அதிகம், கால் நீட்ட நல்ல இடம். அந்த ஆறு சிலிண்டர் வேகம்தான் கிடைக்காது. அவரையும் கூட்டிப்போய் பின்சீட்டில் அரைமணி நேரம் உட்காரவைத்து ஓட்டிப் பாருங்கள்.