மனச்சிதைவுக்கு அறிதிறன் பயிற்சி: மென்பொருள் வாங்கலாமா?

கேள்வி: அரசு மனநல மையத்தில் உளவியலாளராக இருக்கிறேன். மனச்சிதைவு உள்ள பலருக்குக் குரல் கேட்பதும் சந்தேகமும் மருந்தில் அடங்கிவிட்டன. ஆனால் வேலைக்குப் போனால், சொன்னதெல்லாம் மறந்துபோகிறது என்று சில நாட்களிலேயே திரும்பிவிடுகிறார்கள். மூளைப் பயிற்சி மென்பொருள் வாங்கலாமா என்று மேலிடத்தில் கேட்கிறார்கள். ஆள் பற்றாக்குறை வேறு. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: மருந்துச் சீட்டிலிருந்து. மனச்சிதைவு மருந்தால் வரும் விறைப்புக்கும் நடுக்கத்துக்கும் தரும் ட்ரைஹெக்ஸிபெனிடில் ஞாபகத்தை மந்தமாக்கும். எப்போதோ எழுதிய அந்த மாத்திரை கேள்வியே இல்லாமல் வருடக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். குறைக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். யாரும் தாமாக, திடீரென்று நிறுத்திவிடக் கூடாது.

அப்புறம் அறிதிறன் பயிற்சி, அதாவது கவனம், ஞாபகம், திட்டமிடல் ஆகியவற்றைப் பழக்குவது. இவை தடுமாறுவது நோயின் பகுதிதான், சோம்பல் இல்லை. குரல்களை அடக்கும் மருந்து இதைப் பெரிதாகத் தொடுவதில்லை. இந்தப் பயிற்சி பற்றி 2021இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 130 ஆய்வுகளில் பங்கேற்ற 8,800க்கும் அதிகமானோரின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தது. அறிதிறனிலும் அன்றாடச் செயல்பாட்டிலும் முன்னேற்றம் உண்டு, ஆனால் சுமாரான அளவுதான். (இதை மேலிடத்தில் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், பின்னால் உங்களுக்குத்தான் நல்லது.) பயிற்சி பெற்ற ஒருவர் கூடவே இருந்து, உத்திகளைக் கற்றுத்தந்து, வேலைப் பயிற்சி போன்ற மறுவாழ்வுப் பணிகளோடு சேர்த்து நடத்திய இடங்களில் பலன் கூடுதலாக இருந்தது.

வெறும் மூளைப் பயிற்சி விளையாட்டு, அந்த விளையாட்டில்தான் கெட்டிக்காரராக்கும். பன்னிரண்டு சொற்களை ஒருவர் நினைவில் வைத்துவிட்டார் என்று வையுங்கள். மதிப்பெண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்ததுக்குப் போகாதீர்கள். “எப்படி ஞாபகம் வைத்தீங்க?” என்று கேளுங்கள். காய்கறி தனி, பாத்திரம் தனி என்று பிரித்தேன் என்பார். “மேற்பார்வையாளர் ஒரே மூச்சில் நாலு வேலை சொன்னால் என்ன செய்வீங்க?” அவர் யோசிக்கட்டும். பிரித்துக்கொள்வேன், திருப்பிச் சொல்லிப் பார்ப்பேன், எழுதிக்கொள்வேன் என்று அவரே சொல்ல வேண்டும். மறுநாள் அதைச் செய்துபார்த்தாரா என்று கேட்பதும் சிகிச்சையில் சேர்ந்ததுதான்.

ஆள் விஷயத்துக்கு வருவோம். செவிலியரோ ஆக்குபேஷனல் தெரபிஸ்டோ பயிற்சி எடுத்துக்கொண்டு நடத்தலாம். நீங்கள் மேற்பார்வை பாருங்கள். நான்கைந்து பேர் கொண்ட குழு, வாரம் இரண்டு முறை, ஒரு மணி நேரம், மூன்று நான்கு மாதம். அந்த நேரத்தைப் பணி அட்டவணையில் எழுதி வாங்குங்கள். இல்லையென்றால் முதல் அவசரக் கேஸ் வந்ததும் வகுப்பு காணாமல் போய்விடும்.

முதல் குழுவுக்கு, வேலைக்கோ படிப்புக்கோ இப்போதே போகிறவர்களை எடுங்கள். கற்றதைப் போட்டுப் பார்க்க அவர்களுக்கு ஓர் இடம் இருக்கிறது. எல்லா அறிகுறியும் மறையட்டும் என்று காத்திருக்க வேண்டாம்; ஒரு மணி நேரம் உட்கார முடிந்தால் போதும். தொடக்கத்திலும் முடிவிலும் சிறிய அறிதிறன் சோதனை ஒன்று வையுங்கள். பிஏசிஎஸ் (BACS) என்ற சோதனை சுமார் 35 நிமிடத்தில் முடியும். கூடவே, அவர் சொல்லும் ஓர் இலக்கையும் அவர் வார்த்தையிலேயே எழுதிவையுங்கள்.

மென்பொருளா? முதல் குழுவுக்குத் தாளும் அட்டைகளும் போதும். பிறகு வாங்குவதானால், ஆளின் திறனுக்கேற்பக் கடினம் தானாக ஏறி இறங்குகிறதா, உங்களிடம் வருபவர்கள் படிக்கும் மொழியில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.