ஓட்டு வீணாகுமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள டீச்சர்,

நீங்கள் எழுதிவரும் தேர்தல் பணி அனுபவங்களைத் தொடர்ந்து படிக்கிறேன். என் ஊர் நெல்லிக்குப்பம் பக்கம், தென்பெண்ணைக் கரையோரம். வயது 26. புதுச்சேரியில் ஒரு கம்பெனியில் வேலை, தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன்.

அப்பா ஒரு பெரிய கட்சியில் இருபது வருடமாகக் கிளைச் செயலாளர். நான் வரும் தேர்தலில் ஒரு சின்னக் கட்சிக்குப் போடலாம் என்று இருக்கிறேன். 2024 டிசம்பரில் ஆற்றுத் தண்ணீர் எங்கள் தெருவுக்குள் வந்தபோது, இடுப்பளவு வெள்ளத்தில் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு முதலில் வந்தவர்கள் அவர்கள்தான். இதை அப்பாவிடம் சொன்னதும், “ஜெயிக்காத கட்சிக்குப் போடுறதும் ஓட்டை ஆத்துல விடுறதும் ஒண்ணுதான். நீ அங்க போட்டா, நமக்கு ஆகாதவன் ஜெயிப்பான்” என்றார். பத்து நாளாக வீட்டில் சரியாகப் பேச்சு இல்லை.

ஆபீஸில் கூட வேலை செய்யும், புதுச்சேரியைச் சேர்ந்த பாகூர்க்காரர், “எங்க ஊர்ல சுயேச்சைங்களே ஜெயிக்கிறாங்க, நீங்கதான் ரெண்டு கட்சியையும் விட்டா நகர மாட்டேங்கிறீங்க” என்கிறார். அப்பா சொல்வது சரியா? என் ஓட்டு வீணாகுமா? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

(பெயர் வேண்டாம் என்று வாசகர் கேட்டிருக்கிறார். கட்சிகளின் பெயரை நான் எடுத்துவிட்டேன்.)

அன்புள்ள தம்பி,

சுற்றி வளைக்காமல் கேட்டிருக்கிறீர்கள், பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீணாகாது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. தேர்தல் முடிந்து, தோற்று, கொடிக்கம்பத்தில் கொடி வெளுத்துப்போன பிறகும் அந்தக் கட்சி உங்கள் ஊரில் இருக்க வேண்டும். இதைச் சரிபார்க்காமல் போடுவதாக இருந்தால் உங்கள் அப்பா சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது.

அவர் பயத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் முறையில் யாருக்கு ஒரு ஓட்டு கூடுதலோ அவருக்கே தொகுதி. இரண்டாவது வந்தவருக்கும் ஒன்றுமில்லை, பத்தாவது வந்தவருக்கும் ஒன்றுமில்லை. 2016 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாடு முழுவதும் இரண்டு பெரிய அணிகளுக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் ஏறத்தாழ ஒரு சதவீதம்தான். மக்கள் நலக் கூட்டணி, பா.ம.க., நாம் தமிழர் என்று தனியாக நின்றவர்கள் வாங்கியது அதைப் போலப் பல மடங்கு. அதில் ஒருவரும் சட்டசபைக்குள் போகவில்லை. அந்தக் கணக்கைப் பார்த்தவர் ‘ஓட்டைப் பிரிக்காதே’ என்று சொல்வது இயல்பு.

ஆனால் அதே தேர்தலில், நம் கடலூர் மாவட்டத்திலேயே காட்டுமன்னார்கோவிலைப் பாருங்கள். அங்கே அ.தி.மு.க. ஜெயித்தது. இரண்டாவது வந்தவர் மக்கள் நலக் கூட்டணியில் நின்ற தொல். திருமாவளவன். வித்தியாசம் 87 ஓட்டு. தி.மு.க. அணியில் நின்ற காங்கிரஸ் மூன்றாவது இடம். இப்போது சொல்லுங்கள், அங்கே ஓட்டைப் பிரித்தது யார்? சென்னையிலிருந்து பார்க்கும்போது மூன்றாவது அணியாகத் தெரிந்தது, அந்தத் தொகுதியில் ஜெயிக்கும் நிலையில் இருந்த அணி. மாற்றம் வேண்டும் என்று நினைத்து, ‘பெரிய கட்சிக்குப் போட்டால்தான் வீணாகாது’ என்று போட்ட ஒரு 88 பேர் மாற்றிப் போட்டிருந்தால் முடிவே வேறு. டி.வி.யில் சொல்லும் மாநிலக் கணக்கை உங்கள் தொகுதிக்கு அப்படியே பொருத்தாதீர்கள் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அடுத்தது, தோற்ற ஓட்டு எங்கே போகிறது என்ற கேள்வி. சிதம்பரம் நாடாளுமன்றத் தொகுதியின் கதை இதற்குப் பொருத்தமானது. தேர்தலே வேண்டாம் என்று ஒதுங்கியிருந்த விடுதலைச் சிறுத்தைகள் 1999இல் முதல்முறையாக, மூப்பனாரின் தமிழ் மாநில காங்கிரஸோடு சேர்ந்து மூன்றாவது அணியாக நின்றார்கள். அந்தத் தேர்தலில் அந்தத் தொகுதியின் பல ஊர்களில் தலித் மக்களை ஓட்டுச்சாவடிக்குப் போகவிடாமல் அடித்தார்கள், குடிசைகள் எரிந்தன. அதற்கு நடுவிலும் இரண்டு லட்சத்துக்கு மேல் ஓட்டு விழுந்தது. தோற்றார்கள். 2004இல் மறுபடி மூன்றாவது அணி, மறுபடி இரண்டு லட்சத்துக்கு மேல், மறுபடி தோல்வி. அந்த மக்களிடம் அப்போது எத்தனை பேர் ‘உங்கள் ஓட்டு வீண்’ என்று சொல்லியிருப்பார்கள்! 2009இல் தி.மு.க. தன் அணியில் அந்தத் தொகுதியை அவர்களுக்குக் கொடுத்தது, ஜெயித்தார்கள். 2019இல் 3,219 ஓட்டில் தப்பித்தார்கள். 2024 முடிவுகளை வைத்து மாநிலக் கட்சி என்ற அங்கீகாரமும் வந்தது. அந்தக் கட்சியை உங்களுக்குப் பிடிக்கலாம், பிடிக்காமல் போகலாம். பெரிய கட்சி ஒன்று தொகுதியைக் கொடுக்க முன்வந்ததன் பின்னால், இரண்டு முறை தோற்ற அந்த லட்சக்கணக்கான ஓட்டு இருந்தது என்பதை மட்டும் கவனியுங்கள்.

சரி, இதே பாதையில் போய்க் காணாமல் போனவர்களும் உண்டு. விருத்தாசலம் உங்களுக்குத் தெரியாத ஊர் இல்லை. 2006இல் விஜயகாந்த் தனியாக நின்று மாநிலம் முழுக்க எட்டு சதவீதத்துக்கு மேல் வாங்கினார். கட்சிக்குக் கிடைத்த ஒரே இடம் விருத்தாசலம். 2011இல் அ.தி.மு.க.வோடு கூட்டணி, 29 இடம், எதிர்க்கட்சித் தலைவர் பதவி. 2016இல் பக்கத்து உளுந்தூர்பேட்டையில் அவருக்கே டெபாசிட் போயிற்று. விழுந்த ஓட்டில் ஆறில் ஒரு பங்குகூட வரவில்லை என்று அர்த்தம். பத்து வருடத்துக்குள் இவ்வளவும். அவர் மேல் மக்களுக்கு இருந்த அன்பு பொய்யில்லை. ஆனால் அந்த அன்பைத் தாங்கிப் பிடிக்க ஊர் ஊராகக் கிளைகள் வேரூன்றவில்லை என்பது என் எண்ணம்.

இன்னும் பின்னால் போனால் நம் கடலூர்க் கதையே இருக்கிறது. மஞ்சக்குப்பத்தில் மணிமண்டபம் இருக்கிறதே, எஸ்.எஸ். ராமசாமி படையாட்சியார், அவருடைய உழைப்பாளர் கட்சி 1952இல், நாட்டின் முதல் பொதுத்தேர்தலிலேயே, சென்னை மாகாணச் சட்டசபையில் 19 இடம் பிடித்தது. 375 பேர் கொண்ட சபையில் காங்கிரஸுக்கு 152தான், பெரும்பான்மை இல்லை. 19 பேருக்கு எவ்வளவு மதிப்பு என்று நினைத்துப் பாருங்கள். 1954இல் காமராஜர் முதல்வரானபோது படையாட்சியார் மந்திரியானார், கட்சி காங்கிரஸோடு கலந்தது. நம் தலைவர் மந்திரியானாரே என்று அன்று சந்தோஷப்பட்டவர்கள் இருந்திருப்பார்கள். இவ்வளவுதானா என்று வருத்தப்பட்டவர்களும் இருந்திருப்பார்கள். இரண்டு பக்கமும் எனக்குப் புரிகிறது. ஆனால் ஓட்டுப் போட்டவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஓட்டை எடுத்துக்கொண்டு போக முடிகிற கட்சியா இது என்ற கேள்வி, அன்றைக்கு இருந்தது போலவே இன்றைக்கும் எந்தச் சின்னக் கட்சியிடமும் கேட்கவேண்டிய கேள்விதான்.

உங்கள் பாகூர் நண்பர் சொல்வதும் உண்மை. 2021இல் புதுச்சேரியின் 30 தொகுதிகளில் ஆறு சுயேச்சைகள் ஜெயித்தார்கள். ஆனால் அங்கே ஒரு தொகுதி என்பது சராசரியாக முப்பதாயிரத்துச் சொச்சம் வாக்காளர்கள். நம் பக்கம் ஒரு தொகுதியில் இரண்டு லட்சத்துக்கு மேல். அங்கே வேட்பாளர் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இரண்டு தடவை நிற்கலாம். கல்யாணம், காரியம், காதுகுத்து எல்லாவற்றிலும் முகம் காட்டலாம். நம் பக்கம் அதற்கு ஒரு பெரிய கட்சியின் ஆள்கட்டு வேண்டும். அப்புறம், அந்தச் சுயேச்சைகளில் சிலர் ஜெயித்த சீக்கிரத்திலேயே ஆளும் தரப்பை ஆதரித்தார்கள் என்பதையும் அவரிடம் ஞாபகப்படுத்துங்கள். ரங்கசாமி 2011இல் கட்சி ஆரம்பித்துச் சில மாதத்தில் ஆட்சியைப் பிடித்ததையும் சிலர் உதாரணம் காட்டுவார்கள். அவர் ஏற்கெனவே ஏழு வருடம் காங்கிரஸ் முதல்வராக இருந்தவர். அது பெரிய வீட்டில் பாகம் பிரித்த கதை, புதிதாகக் குடிசை போட்ட கதை இல்லை.

புதுச்சேரியில் என்னை உண்மையாகவே வருத்துவது வேறு. அங்கே உள்ளாட்சித் தேர்தல் 1968க்குப் பிறகு 38 வருடம் கழித்து 2006இல்தான் நடந்தது. அதில் ஜெயித்தவர்களின் காலம் 2011இல் முடிந்தபின் மறுபடி வருடக்கணக்கில் நடக்கவே இல்லை. ஒரு சின்னக் கட்சி நடை பழகுவது வார்டில்தான். தெருவிளக்கு, குழாய்த் தண்ணீர், சாக்கடை என்று ஐந்து வருடம் வேலை செய்து பெயர் வாங்கி, பிறகு சட்டசபைக்குக் கேட்பதுதான் முறை. அந்தப் படியையே எடுத்துவிட்டால் பணம் உள்ளவரும், பெரிய கட்சியில் சீட்டு கிடைக்காமல் கோபித்துக்கொண்டு வந்தவரும்தான் மேலே ஏற முடியும். நமக்கு அந்தப் படி இருக்கிறது. நம் கடலூரே மாநகராட்சியாகி 2022இல் முதல் தேர்தலைப் பார்த்துவிட்டது. வார்டில் சில நூறு ஓட்டு முடிவையே மாற்றும். உங்களுக்குப் பிடித்த கட்சி அங்கே நின்றதா? ஒன்றியக் கவுன்சிலருக்காவது ஆள் போட்டதா? வெள்ளத்தில் வந்தார்கள், மிக நல்லது. வெள்ளம் வடிந்த பிறகு, நிவாரணப் பட்டியலில் பெயர் விட்டுப்போன பாட்டிக்காகத் தாலுகா ஆபீஸுக்கு யார் கூட நடந்தார்கள்? அது உங்கள் அப்பாவாக இருக்கவும் வாய்ப்பு உண்டு. இருபது வருடம் கிளைச் செயலாளராக இருப்பவர் இதையெல்லாம் செய்யாமல் இருந்திருக்க மாட்டார். அவர் கோபத்தில் அந்த உழைப்பும் இருக்கிறது.

இப்போது நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். பெட்டிக் காலத்திலிருந்து மெஷின் காலம்வரை எத்தனையோ ஓட்டுச்சாவடிகளில் உட்கார்ந்திருக்கிறேன். காலை ஐந்தரை மணிக்கு மாதிரி ஓட்டுப்பதிவு. ஏஜெண்டுகள் முன்னால் குறைந்தது 50 ஓட்டு போட்டு, எண்ணிக் காட்டி, அழித்துவிட்டு, முத்திரை வைக்க வேண்டும். பெரிய கட்சிகளின் ஏஜெண்டுகள் நேரத்துக்கு வந்துவிடுவார்கள். எட்டு மணிக்கு வெளியிலிருந்து அவர்களுக்கு இட்லி வரும், பதினொரு மணிக்கு டீ வரும், ஒரு மணிக்குப் பிரியாணிப் பொட்டலம் வரும். சின்னக் கட்சிகளின் நாற்காலி பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும்.

ஒரு தேர்தலில், பண்ருட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில், ஒரு சின்னக் கட்சிக்காக ஒரு பெண் வந்தாள். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். கையில் ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு நோட்டு. மெஷின் நம்பரை நோட்டில் எழுதிக்கொண்டாள். மாற்றிவிட ஆள் இல்லாததால் மதியம்வரை எழுந்திருக்கவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரிய கட்சி ஏஜெண்ட், நரைத்த மீசைக்காரர், தன் பொட்டலத்தைப் பிரித்துப் பாதியை அவள் பக்கம் நகர்த்தினார். “சாப்பிடும்மா, ஓட்டை யாருக்கோ போட்டுக்க” என்றார். அவளும் சாப்பிட்டாள். சாயங்காலம் ஓட்டுப்பதிவு முடிந்து, மொத்தம் எத்தனை விழுந்தது என்று எழுதிய 17சி படிவத்தின் நகலைக் கையெழுத்துப் போட்டு வாங்கி, நான்காக மடித்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டு போனாள். அவள் கட்சி அந்தத் தொகுதியில் ஜெயிக்கவில்லை. பக்கத்தில்கூட வரவில்லை. அதற்குப் பிறகு அந்த ஊர்ப் பக்கம் போகும்போதெல்லாம் அவளைப் பற்றி விசாரித்திருக்கிறேன். ரேஷன் கடையில் எடை குறைந்தால் அந்தத் தெருக்காரர்கள் முதலில் கூப்பிடுவது அவளைத்தான். அவள் கட்சிக்கு விழுந்த ஓட்டை வீண் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

ஓட்டு எண்ணி முடித்ததும் ஒவ்வொரு பூத்திலும் யாருக்கு எத்தனை என்ற பட்டியல் வெளியாகும். பெரிய கட்சி ஆபீஸ்களில் அதை வரி வரியாகப் படிப்பார்கள். உங்கள் பூத்தில் போன தடவை 12 வாங்கிய கட்சி இந்தத் தடவை 90 வாங்கினால், உங்கள் தெருவுக்கு என்ன குறை என்று கேட்க ஆள் வரும். அப்பாவையே கூப்பிட்டுக் கேட்பார்கள். உங்கள் ஓட்டு செய்யக்கூடிய முதல் வேலை அது.

ஒரே ஒரு விதிவிலக்கு எனக்கு உண்டு. ஜெயிக்கும் நிலையில் உள்ள இருவரில் ஒருவர் வந்தால் உங்கள் ஊரில் சிலருக்கு உயிருக்கோ மானத்துக்கோ ஆபத்து என்று மனசாரத் தெரிந்தால், மற்றவருக்குப் போடுங்கள். 1999ஐப் பார்த்தவள் என்பதால் சொல்கிறேன். மற்றபடி ‘நமக்கு ஆகாதவன்’ என்பதெல்லாம் ஐந்து வருடம் பொறுத்துக்கொள்ளக்கூடியதுதான். அப்பாவும் பலமுறை பொறுத்திருக்கிறார்.

ஆகவே அந்தச் சின்னக் கட்சிக்காரர்களைப் போய்ப் பாருங்கள். ‘நம்ம பூத்துல யார் உட்காரப் போறா?’ என்று கேளுங்கள். ஆள் இருந்தால் நல்லது. இல்லை என்றால், நீங்கள் உட்காருவீர்களா என்று யோசியுங்கள். அந்தப் பூத்தில் எதிர்ப்பக்கத்து ஏஜெண்ட் பெரும்பாலும் உங்கள் அப்பாவாகத்தான் இருப்பார். 17சி-யில் எந்தக் கட்டத்தைப் பார்க்க வேண்டும், முத்திரையை எப்படிச் சரிபார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்த அளவு உங்கள் கட்சியில் யாருக்கும் தெரிந்திருக்காது. இன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது அதை அவரிடமே கேளுங்கள். ஐந்தரை மணிக்கு இருவரும் ஒரே வண்டியில் போய்விடலாம்.