மோத வருகிற விமானம் அசையாது

அன்புள்ள அண்ணனுக்கு,

எங்கள் வீடு மதுரை அவனியாபுரம். மொட்டை மாடியில் நின்றால் இறங்குகிற விமானம் நன்றாகத் தெரியும், மேலே ஒன்று வெள்ளைக் கோடு போட்டுப் போகும். ராடார் இருக்கும்போது பைலட் கண்ணால் வேறு பார்க்க வேண்டுமா? பார்த்தால்தான் தெரியுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

அந்த இரண்டுக்கும் நடுவே பல ஆயிரம் அடி இருக்கிறது, கவலையை விடுங்கள். ஆனால் பார்க்கத்தான் வேண்டும். ராடார் இருந்தாலும், வானம் தெளிவாக இருந்தால் வெளியே பார்த்து விலகுவது பைலட்டின் பொறுப்பு.

தெரியுமா என்றால், அங்கேதான் வம்பு. நம் கண் அசைகிற பொருளைத்தான் சட்டென்று பிடிக்கும். இரண்டு விமானங்கள் வேகம் மாறாமல், திசை மாறாமல் ஒரே இடத்துக்கு வந்துகொண்டிருந்தால், ஒரு பைலட்டின் முன்கண்ணாடியில் மற்ற விமானம் அசையாத புள்ளியாகவே நிற்கும், ரொம்ப நேரம் புள்ளியாகவே இருந்துவிட்டு கடைசிச் சில நொடிகளில் மளமளவென்று பெரிதாகும். ரிங் ரோட்டில் கார் ஓட்டும்போது பக்கத்துச் சாலையில் வருகிற பைக் முன்கண்ணாடித் தூணுக்குப் பின்னாலேயே கூடவே வருமே, அதே கதைதான். அதனால்தான் பைலட்டும் தலையை முன்னே பின்னே நகர்த்தித் தூணைச் சுற்றிப் பார்க்கிறார். நகர்கிற விமானம் பெரும்பாலும் விலகிப் போய்விடும், நிற்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

இன்னொன்று, வெறும் நீல வானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண் தன்னையறியாமல் ஓரிரண்டு மீட்டர் தூரத்துக்குக் குவிந்துவிடும், தூரத்து விமானம் மங்கிப்போகும். அவ்வப்போது நாகமலை மாதிரி தொலைவில் உள்ள எதையாவது பார்த்துக் கண்ணைச் சரிசெய்துகொள்ள வேண்டும். வானத்தையும் ஒரே இழுப்பில் துழாவினால் ஒன்றும் படாது. 10 டிகிரி அளவுக்கு ஒரு துண்டு, அதில் ஒரு நொடியாவது நிறுத்தம், அப்புறம் அடுத்த துண்டு.

பார்த்து, புரிந்து, திருப்பி, விமானம் விலக 12.5 நொடி ஆகும் என்பது அமெரிக்க விமானத் துறையின் கணக்கு. மணிக்கு 800 கி.மீ. வேகத்தில் எதிரெதிரே வருகிற இரண்டு ஜெட்கள் அதற்குள் ஐந்தரை கிலோமீட்டர் நெருங்கிவிடும்! நேருக்கு நேர் என்றால் இருவரும் வலப்பக்கம் திரும்ப வேண்டும். குறுக்கே வந்தால், எவருக்கு மற்றவர் வலப்பக்கம் தெரிகிறாரோ அவர் வழிவிட வேண்டும். இரவில் விளக்கே சொல்லிவிடும்: இடது இறக்கையில் சிவப்பு, வலதில் பச்சை. குறுக்கே போகிறவரின் சிவப்பு தெரிந்தால் விலக வேண்டியவர் நீங்கள்.

ஜெட் வேகத்துக்குக் கண் மட்டும் போதாது. 1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்கி தாத்ரிக்கு மேலே சவூதி, கஜகஸ்தான் விமானங்கள் மோதி 349 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் நம் நாட்டில் பெரிய விமானங்களுக்கு மோதல் தடுப்புக் கருவி கட்டாயமானது. அது ஒருவரை ஏறு என்றும் மற்றவரை இறங்கு என்றும் சொல்லும். ஆனால் எதிர் விமானத்தின் டிரான்ஸ்பாண்டர், அதாவது ரேடியோ கேள்விக்குத் தானாகப் பதில் அனுப்பும் கருவி, பதில் சொன்னால்தான் அதற்கு ஆள் தெரியும். டிரான்ஸ்பாண்டர் இல்லாத கிளைடர், பலூன், பருந்து எல்லாவற்றுக்கும் இன்னும் கண்தான்.