பனிக்கு அடியில் என்ன இருக்கிறது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

மூன்று வருடமாக ரிசார்ட்டில் ஸ்கீ (பனிச்சறுக்கு) செய்கிறேன். மலையிலிருந்து பனி பெயர்ந்து விழும் பனிச்சரிவுக்கான பாதுகாப்புப் பயிற்சியும் முடித்துவிட்டேன். மேலே ஏற்றிவிடும் லிஃப்ட் திறக்கும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லை. போன நவம்பரில் பேக்கன்ட்ரியில், அதாவது ரிசார்ட்டுக்கு வெளியே உள்ள காட்டு மலையில், இறங்கலாம் என்று நாலு மணி நேரம் ஏறிப் போனேன். மேலே வெள்ளையாகத்தான் இருந்தது. இரண்டாவது திருப்பத்திலேயே கல் உரசி ஸ்கீயின் அடிப்பாகம் கிழிந்தது. சீசன் தொடக்கத்தில் நல்ல இடங்களை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்? நாலு பெயர் சொன்னாலும் போதும்.

ரா.

அன்புள்ள ரா.,

நாலு பெயரைச் சொல்லிவிடலாம். ஆனால் போன நவம்பரில் அருமையாக இருந்த சரிவு இந்த நவம்பரில் வெறும் சரளையாகக் கிடக்கும். நீங்கள் பனியைத் தேடிப் போயிருக்கிறீர்கள். தொடக்கத்தில் தேட வேண்டியது தரையை.

பாறை குவிந்த சரிவு ஒழுங்காக மூட ஒரு மீட்டருக்கு மேல் பனி வேண்டும். புல்வெளிக்கு நாற்பது சென்டிமீட்டரே போதும், அதுவும் கனமான பனியாக இருந்தால். குளிரில் விழும் பொடிப்பனியில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து பங்குதான் தண்ணீர், மீதி காற்று. அரை மீட்டர் கிடந்தாலும் ஸ்கீ நேரே தரையைத் தொட்டுவிடும். ஈரமாக விழுந்து இறுகிய பனிதான் ஆளைத் தாங்கும். அதனால் பனியை அளக்கும் தானியங்கி நிலையங்களின் அளவைப் பார்க்கும்போது ஆழத்தோடு நிற்காதீர்கள், 'உருக்கினால் எவ்வளவு தண்ணீர்' என்ற கணக்கையும் பாருங்கள். அமெரிக்காவின் மேற்கு மலைகளில் ஸ்னோடெல் நிலையங்கள் இதைத் தினமும் தருகின்றன. சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களும் இலவசம். மேகம் இல்லாத நாளின் படம் கிடைத்தால் மலையின் எந்த முகத்தில் பனி நிற்கிறது, எதில் கரைந்துவிட்டது என்று வீட்டிலிருந்தே தெரியும்.

தரையைப் பார்க்க மட்டும் நடந்துதான் ஆகவேண்டும். நான் செப்டம்பரில், ஒரு துளிப் பனிகூட இல்லாதபோது போய்ப் படம் எடுத்து வைத்துக்கொள்வேன். புல்வெளி, காட்டுக்குள் போகும் பழைய மண்சாலை, உருண்டை மேடுகள். இவைதான் என் பட்டியல். இதெல்லாம் தெரிந்தும் ஒரு நவம்பரில் காற்று குவித்த மேடு என்று நினைத்து நேரே ஏறினேன். உள்ளே விழுந்து கிடந்த மரம். முழங்கால் தேற ஆறு வாரம் ஆனது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள்; நான் விட்டது இரண்டு காலையும்.

திறக்காத ரிசார்ட் சரிவுகள் புல் மேவி வழவழப்பாக இருக்கும், உண்மைதான். ஆனால் சில இடங்களில் அனுமதி கிடையாது. அனுமதி இருந்தாலும் திறக்கும்வரை அங்கே பனிச்சரிவைக் கட்டுப்படுத்த யாரும் இல்லை. பனி சமன்செய்யும் வண்டியின் இழுகம்பி இருட்டில் கண்ணுக்கே தெரியாது. பனியாறுகள் பக்கம் இலையுதிர் காலத்தில் நான் போவதே இல்லை. வசந்தத்தில் பிளவுகளின் மேல் தடித்துக் கிடக்கும் பனிப்பாலம் இப்போது மெல்லிய மூடிதான்.

இனி உங்கள் கடிதத்தில் இல்லாத விஷயம். வட அரைக்கோளத்தில் அக்டோபர் பனி தங்குவது வடக்கு பார்த்த உயரமான நிழல் சரிவுகளில். எல்லோரும் அங்கேதான் ஓடுவார்கள். பனியைக் காப்பாற்றும் அதே நிழல்தான் அதைக் கெடுக்கவும் செய்கிறது. தரை ஏறக்குறைய 0 டிகிரியில் இருக்கும், இரவில் மேற்பரப்பு -15-க்கு இறங்கும். நடுவே இருப்பது முப்பது சென்டிமீட்டர் பனி. பத்து சென்டிமீட்டருக்கு 1 டிகிரி வித்தியாசம் இருந்தாலே பனித்துகள் உருமாறத் தொடங்கிவிடும். இங்கே 5 டிகிரி. கீழிருந்து நீராவி ஏறி ஏறி, ஒன்றோடொன்று ஒட்டாத பளபளப்பான மணிகளாகிவிடும். தோண்டி ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பாருங்கள். உருண்டை பிடிக்காது, விரலிடுக்கில் சொரிந்துவிடும். சர்க்கரைப் பனி என்று ஸ்கீக்காரர்கள் சொல்வது இதைத்தான். அடுத்த புயல் இதன்மேல் கனமாக உட்காரும்போது மொத்தமும் நழுவத் தயாராக இருக்கும்.

பனி குறைவு, அதனால் பனிச்சரிவு வராது என்று மட்டும் நினைக்காதீர்கள். சின்னப் பனிச்சரிவுகூட ஆளைக் கல்லிலும் கட்டையிலும் இழுத்துக்கொண்டு போகும். பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 முதல் 45 டிகிரி சாய்வில்தான் நடக்கின்றன. நான் முதல் மாதம் முழுவதும் 30-க்குக் கீழேதான், மேலே அதைவிடச் செங்குத்தான சரிவு தொங்காத இடமாகப் பார்த்து. புதைந்தவரைக் கண்டுபிடிக்கும் ட்ரான்ஸீவர் கருவி, பனியில் குத்திப் பார்க்கும் ப்ரோப் கம்பி, தோண்ட மண்வெட்டி பற்றிப் பயிற்சியிலேயே சொல்லியிருப்பார்கள்.

சரி, கேட்டதற்காக ஒரு பெயர்: வாஷிங்டன் மாநிலத்தில் ரெய்னியர் மலையின் பாரடைஸ். சுமார் 1,650 மீட்டர் உயரம். பசிபிக் புயல்கள் நேராக வந்து மோதும். 1971-72 குளிர்காலத்தில் மட்டும் 28 மீட்டருக்கு மேல் பொழிந்தது. கடலோரப் பனி என்பதால் கனம் அதிகம், அடியில் கோடையில் பூ பூக்கும் புல்வெளி. நான் சொன்னது எல்லாம் ஒரே இடத்தில். சாலை திறந்திருக்கிறதா என்று பூங்கா அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

கிழிந்த ஸ்கீயைத் தூக்கிப் போடாதீர்கள். ஒட்டுப்போட்டு இந்த மாதங்களுக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். என் நவம்பர் ஜோடியின் அடியில் இப்போது அசல் பாகத்தைவிட ஒட்டுதான் அதிகம்.